பார்க் அத்தை

பார்க் திறந்த மறுநாள் சாயங்காலம் அவள் ஊஞ்சலில் ஏறினாள். சும்மா உட்கார்ந்து அசையவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகை மேல் நின்றபடி, முழங்காலை மடக்கி மடக்கி உந்தினாள். செருப்புகள் கீழே புல்லில் திசைக்கொன்றாகக் கிடந்தன. அவள் போன உயரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்களாம். என் கணவர் சாப்பிடும்போது சொன்னார். ரசித்துச் சொன்னார். அதை நான் கவனித்தேன்.

எங்கள் ஊர் பெரிய ஊரில்லை. பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் தேயிலை, அவ்வளவுதான். எங்களுடையது பாத்திரக்கடை. பக்கத்தில் தையல்கடை. அந்தத் தையல்காரரின் மனைவி அவள். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரிலும் அந்தப் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. எல்லாருக்கும் அவள் பார்க் அத்தை.

பார்க் இருக்கும் இடத்தில் முன்பு தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறிகள் நிற்கும். லொறிகள் வருவது நின்ற பிறகு புல்லும் குப்பையுமாகக் கிடந்தது. நாங்கள் மாத்தையா என்று மரியாதையாகக் கூப்பிடும் ரிடயரான ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான் முதலில் மண்வெட்டியோடு இறங்கினார். பிறகு கடைக்காரர்கள், தோட்டத்துப் பையன்கள், பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் என்று எல்லாரும் சேர்ந்து சிரமதானம் செய்தோம். மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இரும்புக் குழாய்கள்தான் ஊஞ்சல் கால்களாயின. நானும் கல் பொறுக்கினேன். அவளும் பொறுக்கினாள் என்று சொல்ல மாட்டேன். அவள் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து யார் அதிகம் பொறுக்குவது என்று போட்டி வைத்தாள். மத்தியானத்துக்குள் ஒரு கல்கூட மிச்சமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அவளைத்தான் கும்பிட்டார்.

அவளுக்குப் பிள்ளை இல்லாமல் இருந்திருந்தால், பாவம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டு பையன்கள் இருந்தார்கள். அம்மா ஊஞ்சலில் ஆடுவதைப் பார்த்து வெட்கப்பட்டு, பார்க் மதிலில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து பாடம் படிப்பார்கள். அவர்களை அவள் கூப்பிடவும் மாட்டாள். வந்தால் ஆட்டம், வராவிட்டால் போ, அதுதான் அவள் கணக்கு.

"வீட்டு வேலை இல்லையா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கே அக்கா. மலையா கெடக்கு."

"பின்ன?"

"அது எங்கயும் ஓடிப்போவாது. வெளிச்சம்தான் ஓடிப்போயிரும். வாங்க, ஒரே ஒரு ஆட்டம்."

ஒரே ஒரு ஆட்டம். அவள் வாயில் எப்போதும் அதுதான். அந்த ஒரு ஆட்டம் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிப் பனி மூடி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நடக்கும்.

என் மகள் நிரோஷா அப்போது முதலாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் பயப்படும் பிள்ளை. சறுக்கில் ஏறி மேலே நின்றுகொண்டு அழுவாள். நான் கீழே கையை விரித்து நின்று, "அம்மா இருக்கேன்டா, வா, அம்மா புடிச்சுக்கிறேன்" என்று தொண்டை வறளக் கூப்பிடுவேன். வர மாட்டாள். படியால் திரும்ப இறக்கிக் கூட்டி வருவேன். எத்தனையோ நாள் இப்படி நடந்தது.

ஒரு நாள் கடையில் ஆளில்லாமல் நான் போக முடியவில்லை. பிள்ளை தையல்கடைப் பக்கத்துப் பிள்ளைகளோடு பார்க்குக்குப் போய்விட்டது. கல்லாவில் உட்கார்ந்தால் இரண்டு கடைகளுக்கு நடுவிலுள்ள சந்து வழியாகப் பார்க்கின் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டில்தான் சறுக்கு இருந்தது. அவள் பிள்ளையைக் கூப்பிடவில்லை. கையை விரிக்கவில்லை. தானே மேலே ஏறி நிரோஷாவுக்கு முன்னால் வந்து நின்று, "நீ போறியா, நா போவட்டா? எனக்கு நேரமில்ல" என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை வழிவிட்டது. அவள் அலறிக்கொண்டே சறுக்கிப் போய் மண்ணில் உட்கார்ந்து, புட்டத்தைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நிமிடம் நிரோஷா அவள் பின்னால் வந்து விழுந்தது.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. "அம்மா பாத்தேன்டா!" என்றேன். நிரோஷா என்னைத் தாண்டி ஓடிப் படியில் ஏறி, மேலே நின்று கத்தியது: "அத்தை, பாருங்க! அத்தை, பாருங்க!"

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

பிள்ளையை வீட்டில் பிடித்துவைக்க என்னவெல்லாமோ செய்தேன். பதுளைக்குப் போய் ஒரு கரம் போர்டு வாங்கி வந்தேன். கடையை அவரிடம் விட்டுவிட்டு நானே உட்கார்ந்து விளையாடினேன். சிவப்புக் காய் பிள்ளைக்கே விழட்டும் என்று விட்டுக்கொடுத்து விளையாடினேன். கொஞ்ச நாளில் நிரோஷா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டது.

"அம்மா, நீங்க வேணும்னே தோக்குறீங்க."

"நீ ஜெயிச்சா நல்லதுதானே?"

"அத்தை அப்பிடித் தோக்க மாட்டாங்க. அத்தை ஏமாத்துவாங்க. நாங்க சண்ட போடுவோம்."

அது பொய்யில்லை. நானே பார்த்திருக்கிறேன். பாண்டி ஆடும்போது கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சத்தியம் செய்வாள். தன் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு மூச்சு வாங்க வாதாடுவாள். தோற்றால் உண்மையாகவே முகம் தொங்கிப்போகும். பெரியவர்கள் பிள்ளைகளுக்காக விளையாடுவோமே, அது அவளிடம் இல்லை. அவள் தனக்காக விளையாடினாள். அந்த வித்தை எனக்கு வரவில்லை. வராது என்று தெரிந்தபோது அவள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

நிரோஷாவின் பிறந்தநாளுக்குப் பதுளையிலிருந்து கேக் வரவழைத்தேன். ரோஸ் நிறத்தில், மேலே பெயர் எழுதியது. கடைத்தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். போட்டோ எடுக்க ஸ்டூடியோக்காரரும் வந்துவிட்டார். உள்ளே மெழுகுதிரி எடுக்கப் போய்த் திரும்பி வந்தால் கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சந்து வழியாக அவள் எட்டிப் பார்த்து ஏதோ சைகை காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

நானும் ஸ்டூடியோக்காரரும் கேக்கும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது எல்லாப் பிள்ளைகளும் முழங்கால்வரை சேறு. புது கவுன் கவுனாக இல்லை. முன்னால் அவள், பின்னால் பிள்ளைகள், பிறந்தநாள் பாட்டைச் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு வந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. தண்ணி நிக்கிற நேரத்த விட்டா அப்பறம் காஞ்சிரும்."

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய? வீடு நிறையப் பிள்ளைகள். அந்தப் போட்டோ இன்னும் அலமாரியில் இருக்கிறது. நிரோஷா அவ்வளவு அழகாகச் சிரித்த போட்டோ வேறொன்று கிடையாது. பக்கத்தில் நான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளையின் கண் என்னிடமும் இல்லை, கேமராவிலும் இல்லை.

ஒருமுறை பார்க்குக்கே ஆபத்து வந்தது. அந்த இடத்தை வாகனம் நிறுத்துவதற்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நான் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரோடு உட்கார்ந்து தமிழிலும் சிங்களத்திலும் மனு எழுதி, கடைகடையாக, லயம் லயமாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். அதிகாரிகள் வீட்டு வாசலில் எல்லாம் நின்றேன். என் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது அந்த நாட்களில்தான். அவளிடமும் கையெழுத்துக்குப் போனேன். போட்டுவிட்டு, "இதெல்லாம் நீங்க பாத்துக்குவீங்க அக்கா" என்று பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். இரண்டு பேர். நீளமான டேப்பை விரித்து இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் பிடித்தார்கள். நாங்கள் கடைக்காரர்கள் வாசலில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நேரே போனாள்.

"தம்பி, கொஞ்சம் தூக்கிப் புடிங்களேன்."

அந்தப் பையன் விஷயம் புரியாமல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். அவள் ஓடி வந்து டேப்பைத் தாண்டினாள். பின்னாலேயே பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். "இன்னும் கொஞ்சம் மேல!" இடுப்பு உயரம். அதையும் இரண்டு மூன்று பேர் தாண்டினார்கள். கடைசியில் அந்தப் பக்கம் பிடித்திருந்த பெரியவர் டேப்பைப் பையனிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து, தானும் ஓடி வந்து தாண்டினார். ரோடே கைதட்டியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் எங்கள் கடையில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அளக்க வரவில்லை.

என் மனுவால் நின்றதா, மழையால் நின்றதா, வேறு இடம் கிடைத்ததால் நின்றதா, யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரைக் கேட்டால் ஒரே பதில்தான். டேப்பைத் தாண்டிப் பார்க்கைக் காப்பாற்றினாள் அத்தை.

ரெடிமேட் உடுப்புக் கடைகள் பெருகி, தையல்கடை படுத்துப்போனது. அவள் கணவருடைய அண்ணன் மொனராகலையில் கடை வைத்திருந்தார். அங்கேயே வரச் சொல்லிவிட்டார். சாமான் ஏற்றிய லொறியைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நின்றார்கள். நான் ஒரு நல்ல எவர்சில்வர் குடம் எடுத்துப் போய்க் கொடுத்தேன். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடித்து, "பந்து மாதிரியே இருக்கு அக்கா" என்று சிரித்தாள். லொறி கிளம்பியது. நிரோஷாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டியவள் நான். ஜன்னி வேகத்தில் நிரோஷா கூப்பிட்டது என்னையல்ல.

அதெல்லாம் பழைய கதை. நிரோஷா வளர்ந்து, படித்து, இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். பார்க்குக்கு இந்த வருஷம் வெள்ளிவிழா. ஸ்டேஷன் மாஸ்டர் மாத்தையாவுக்கு இப்போது கைத்தடி வேண்டும், ஆனாலும் அவர்தான் தலைவர். நான் செயலாளர். அவளைக் கூப்பிட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. நம்பரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது.

"யாரு? பாத்திரக்கட அக்காவா! ஐயோ அக்கா!" அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஊஞ்சல் இன்னும் கிரீச்சென்று கத்துகிறதா என்று கேட்டாள். மூலையில் மழைத்தண்ணி இன்னும் நிற்கிறதா, இப்போதுள்ள பிள்ளைகள் பாண்டி ஆடுகிறார்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றாள். நிரோஷாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று வராத மகள், விஷயம் தெரிந்ததும் அன்றே போன் எடுத்தாள்.

"அம்மா, அத்தை வர்றாங்களாமே? நா வெள்ளிக்கிழமையே வந்துர்றேன்."

"லீவு?"

"அதெல்லாம் சொல்லிக்கலாம்மா."

பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அத்தையைப் பற்றித்தான் பேசினாள்.

விழா நன்றாகத்தான் நடந்தது. இரண்டு மொழியிலும் பேனர் கட்டி, காலையில் குத்துவிளக்கு ஏற்றி, எல்லாருக்கும் பாற்சோறும் தொட்டுக்கொள்ள உறைப்பான கட்ட சம்பலும் கொடுத்தோம். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, தொங்கவிட்ட மண்முட்டியை உடைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்கின் வரலாற்றைப் பேசினார். லொறி நின்றது, சிரமதானம், இரும்புக் குழாய் எல்லாம் சொன்னார். "நம்ம பாத்திரக்கட மேடமும் ஒரு மனு எழுதினாங்க" என்றார். மூன்று நான்கு பேர் கைதட்டினார்கள். பிறகு டேப் கதைக்கு வந்தார். அதைச் சொல்லும்போது கிழவர் கைத்தடியையே கிடையாகத் தூக்கிக் காட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் மொனராகலை பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி வந்தாள். தலை நரைத்து, உடம்பு வற்றி, ஆனால் அதே வேக நடை. சனம் எழுந்துவிட்டது. நான் மாலையோடு முன்னால் போனேன். என் கையை இறுகப் பிடித்து, "அக்கா, அப்பிடியே இருக்கீங்க" என்றாள். கண் என் தோளுக்கு மேலே ஊஞ்சலைத் தேடிப் போய்விட்டது.

நிரோஷா மேடையேறினாள். எழுதி வைத்ததை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்க்காமலே பேசினாள். சறுக்கின் மேல் நின்று அழுததையும், ஒருவர் வழி கேட்டு முன்னால் போனதையும் சொன்னாள். "கொழும்புல எனக்குப் பயமா இருக்கிற நாள்ல எல்லாம் அந்தச் சத்தம்தான் கேக்கும். நீ போறியா, நா போவட்டான்னு. நா இன்னைக்கு எப்பிடி இருக்கேனோ அதுக்கு அத்தைதான் காரணம்" என்றாள். முன் வரிசையில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் மாலை கட்டி மிஞ்சிய நூலை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் நேரே அவளிடம் ஓடினாள். பின்னால் நானும் போனேன். அவள் நிரோஷாவின் கன்னத்தைத் தட்டினாள்.

"நல்லா பேசுனம்மா. நீ யாரு வீட்டுப் புள்ள?"

நிரோஷா சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். "அத்தை, நா நிரோஷா."

"நிரோஷாவா..." அவள் உண்மையாகவே யோசித்தாள். "பேக்கரிக்காரர் மகளா?"

"இல்ல அத்தை. பாத்திரக்கட. இவங்க மகள்."

"அக்கா மகளா! அப்பிடியா!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்த முகத்தில் ஒரு ஞாபகமும் ஓடவில்லை. "எத்தன புள்ளைங்க வந்துச்சு! யாரு எதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீயும் விளையாடுவியா அப்ப?" அதற்குள் இரண்டு பொடிசுகள் ஊஞ்சலுக்குச் சண்டை போடுவது அவள் காதில் விழுந்துவிட்டது. பையை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் மொதல்ல, நான் மொதல்ல" என்று அவர்கள் நடுவில் நுழைந்துவிட்டாள்.

அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு ஆட்டம் ஞாபகமிருந்தது. ஆடியவர்கள் ஞாபகமில்லை. என் பிள்ளையை அவள் என்னிடமிருந்து எடுக்கவே இல்லை என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷம் நான் வெந்தது அவளுக்குத் தெரியாத ஒன்றுக்காக.

மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. நானும் நிரோஷாவும் வீட்டுக்கு நடந்தோம். அடைத்த கடைகளைத் தாண்டியதும் நிரோஷா சொன்னாள்:

"அவங்களுக்கு என்னய ஞாபகமே இல்லம்மா."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வருஷம் எதிர்பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வந்துவிட்டது. முகம் வெளுத்து, முதலாம் வகுப்புப் பிள்ளைபோல என் பக்கத்தில் நடந்தாள் மகள். நான் சும்மா நடந்திருந்தாலே போதும்.

"போடி, ஞாபகமில்லாம என்ன?" என்றேன். "அவளுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியாது. வெளிய சொல்ல வெக்கம். போன்ல பேசுனப்ப மொதல்ல ஒன்னயத்தான் கேட்டா."

நிரோஷா நின்றுவிட்டாள். "நெசமாவா?"

"பின்ன? பாண்டி ஆடுறப்ப ஒத்தக் கால்ல நின்னு, நாக்க ஓரமா நீட்டிக்கிட்டு, வானத்தப் பாத்து மூச்சப் புடிப்பியாம். அப்பறம்தான் குதிப்பியாம். அதையெல்லாம் சொல்லிச் சிரிச்சா."

"அதுகூடவா ஞாபகம் வச்சிருக்காங்க!"

மகள் முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையைக் கோத்துக்கொண்டு, அத்தையை ஒருநாள் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டே நடந்தாள்.

கல்லாவில் உட்கார்ந்து, சந்தின் இடுக்கு வழியாக, சாயங்காலம் சாயங்காலமாக அந்த நாக்கையும் அந்த மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வயிறு எரிந்தது. எரிய எரிய, நிரோஷா கேட்கக் கேட்க, அத்தை இன்னும் என்னவெல்லாம் சொன்னாள் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.